கால்சட்டைக்குள் மணல்: ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தை எப்படிப் பார்ப்பது?

“எப்போது சார் ஓடுவார்கள்?”

‘தி கிரேட் எஸ்கேப்’ பாருங்கள் என்று நான் சொல்லி, பாதியில் நிறுத்திவிட்ட நண்பர் ஒருவர் போனில் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கி 1963-ல் வந்த இந்தப் படம் 172 நிமிடம் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி நேரம், ஜெர்மானியரிடம் பிடிபட்ட விமானப்படைக் கைதிகள் முகாமுக்குள்ளேயே தோண்டுகிறார்கள், தைக்கிறார்கள், திருடுகிறார்கள், ஒளித்து வைக்கிறார்கள். ஓட்டமெல்லாம் கடைசியில்தான். துரத்தல் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். இது வேலை செய்கிறவர்களின் படம். முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். நேரம் போவதே தெரியாது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற அந்த முகாம் உண்மையில் இருந்தது. சாகன் என்ற ஊருக்குப் பக்கத்தில், பைன் காட்டுக்கு நடுவே. இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, பெயர் ஜகான். யாரும் சுரங்கம் தோண்டித் தப்பக்கூடாது என்றே யோசித்துக் கட்டிய முகாம் அது. குடிசைகளைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தினார்கள், அடியில் குனிந்து பார்க்க வசதியாக. தோண்டும் அதிர்வைக் கேட்க மண்ணுக்குள் ஒலிவாங்கிகளைப் புதைத்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய காவலாளி அந்த மண்தான். மேலே சாம்பல் நிறப் புழுதி. ஒரு சாண் கீழே போனால் பளிச்சென்ற மஞ்சள் மணல். ஒரு கைப்பிடி மணல் மேலே சிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். போதாக்குறைக்கு, தாங்கல் இல்லாவிட்டால் பொலபொலவென்று சரியும் மணல்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, டேவிட் மெக்கல்லம் கால்சட்டைக்குள் தொங்கும் பைகளைச் செய்து காட்டும் காட்சிக்கு வாருங்கள். உள்ளாடைக் காலை வெட்டித் தைத்த நீளப் பை. அடிவாயில் ஓர் ஊசி. ஊசியிலிருந்து ஒரு கயிறு மேலே பாக்கெட்டுக்குப் போகிறது. தோட்டத்தில் நடந்தபடியே கயிற்றை இழுத்தால் ஊசி கழன்று மணல் காலடியில் கொட்டும். காலால் தேய்த்துக் கலந்துவிட வேண்டும். நிஜ முகாமிலும் இப்படித்தான் நடந்தது. மணல் பை கட்டியவர்கள் அகட்டி அகட்டி நடந்ததால் அவர்களுக்குப் ‘பெங்குவின்’ என்று பெயர். சாகனில் பனி விழுந்ததும் இந்த வழி அடைபட்டது. வெள்ளைப் பனியில் மஞ்சள் மணலை எங்கே கொட்டுவது? கைதிகள் தாங்களே கட்டிய நாடகக் கொட்டகையில் ஓர் இருக்கையின் அடியில் கதவு வைத்து, தரைக்குக் கீழே கொட்டி நிரப்பினார்கள். மேலே நாடகம், கீழே மணல். இந்த அருமையான விஷயம் படத்தில் இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

கட்டிலில் ஏறிப் படுத்தவர் பலகை இல்லாமல் தொபுக்கென்று கீழே விழும் காட்சிக்கு எல்லோரும் சிரிப்போம். சிரித்துவிட்டு ஒரு கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்: நிஜத்தில் சுரங்கச் சுவர் சரியாமலிருக்கச் சுமார் 4,000 கட்டில் பலகைகள் போயின. செஞ்சிலுவைப் பொட்டலத்தில் வந்த ‘கிளிம்’ பால்பவுடர் டின்களின் அடியை வெட்டி, ஒன்றோடு ஒன்று செருகி, காற்றுக்குழாய் செய்தார்கள். காற்றை உள்ளே தள்ள, நம் ஊர்க் கொல்லன் பட்டறைத் துருத்தி போல ஒன்று. அதைத் துணி மூட்டைப் பைகளைக் கொண்டே செய்தார்கள். சூப்பில் மிதந்த கொழுப்பை வழித்தெடுத்து விளக்குக்கு எண்ணெய் ஆக்கினார்கள். பைஜாமா நாடாதான் திரி. உடைந்த கிராமபோன் தட்டை உருக்கித் திசைகாட்டிக்குக் கூடு வார்த்தார்கள். டாம், டிக், ஹாரி என்று மூன்று சுரங்கங்கள். டாம் 1943 செப்டம்பரில் பிடிபட்டது. டிக் மணல் கொட்டவும் சாமான் ஒளிக்கவும் பயன்பட்டது. மிஞ்சியது ஹாரி. அதன் வாய் 104-ஆம் குடிசையில் ஓர் அடுப்புக்கு அடியில் இருந்தது. அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், எந்தக் காவலாளியும் கை வைக்க முடியாதபடி. ஒன்பது மீட்டர் ஆழம், நூறு மீட்டருக்கு மேல் நீளம், இரண்டடிக்கு இரண்டடி அகலம்.

சார்லஸ் பிரான்சன் அந்த இரண்டடிக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையும்போது கூர்ந்து பாருங்கள். இளமையில் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் அவர். அந்த உடம்புக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

காதுக்கும் வேலை உண்டு. எல்மர் பெர்ன்ஸ்டைனின் அணிவகுப்பு இசை பிரசித்தம். ஆனால் ஒரு சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் ஒளிவதைக் கேளுங்கள். மேலே யாரோ முளை அடிக்கிற அதே நொடியில் கீழே கான்கிரீட்டின் மேல் அடி விழுகிறது. மேலே பாட்டு வகுப்பு, கீழே உளி. பறவைகளைப் பற்றிய பாடம் நடக்கிறது, காவலாளி போனதும் பலகைக்கு அடியிலிருந்து போலிப் பத்திரங்கள் வெளியே வருகின்றன.

அந்தப் பத்திரங்களை எழுதுகிற பிளைத் பாத்திரத்தில் டொனால்ட் பிளெசன்ஸ் நடித்திருக்கிறார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதி எழுதிக் கண் போய்க்கொண்டிருக்கிறது. தப்பும் நாள் நெருங்கும்போது, குருடனை அழைத்துப் போக முடியாது என்கிறார் தலைவர் பார்ட்லெட். பார்வை நன்றாக இருக்கிறது என்று காட்ட, பிளைத் அறையின் மறுகோடியில் கிடக்கும் குண்டூசியைப் போய் எடுத்து வருகிறார். எங்கே கிடக்கிறது என்று முன்பே எண்ணி வைத்திருக்கிறார். திரும்பி வரும்போது பார்ட்லெட் பேசாமல் காலை நீட்டுகிறார். பிளைத் தடுக்கி விழுகிறார். இந்தப் படத்தில் என்னை ஒவ்வொரு முறையும் கலங்கடிக்கும் இடம் இதுதான். பிளெசன்ஸ் நிஜப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். சுட்டு வீழ்த்தப்பட்டு, ஸ்டாலாக் லுஃப்ட் 1 முகாமில் கைதியாகக் கிடந்தவர். விழுந்து எழும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

இனி ஸ்டீவ் மெக்வீனின் மோட்டார் சைக்கிள். முள்வேலியைத் தாண்டும் அந்தப் பாய்ச்சலுக்கு நானும் சின்ன வயதில் கைதட்டியவன். தாண்டியது பட் எகின்ஸ் என்ற சாகச வீரர். நிஜத் தப்பித்தலில் மோட்டார் சைக்கிளே கிடையாது. தோண்டுவதில் கைகொடுத்த அமெரிக்கர்கள் பல மாதங்களுக்கு முன்பே வேறு வளாகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். தப்பித்தலின் ஒவ்வொரு விவரமும் உண்மை என்று படத்தின் தொடக்கத்தில் வரும் வாசகத்தை அப்படியே நம்ப வேண்டாம். பாய்ச்சலை ரசியுங்கள், அது வேறு படத்தின் காட்சி என்று நினைத்துக்கொண்டு.

உண்மையின் பக்கம் நிற்கும் காட்சி பேருந்து நிறுத்தத்தில் வருகிறது. தப்பப் போகிறவர்களுக்கு ஜெர்மன் பேசப் பயிற்சி கொடுத்தவர் மெக்டொனால்ட். திடீரென்று ஆங்கிலத்தில் பேசி மற்றவர்களைச் சிக்கவைத்துத் திருத்தியவரும் அவரே. பேருந்தில் ஏறும்போது அதிகாரி ஒருவன் ஆங்கிலத்தில் வாழ்த்துகிறான். அவர் வாய் தவறி ஆங்கிலத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான்.

வேலியைத் தாண்டியவனை ஒரு சொல் பிடித்துக் கொடுத்துவிடும் என்பதற்கு நம் நாட்டுக் கதையே உண்டு. 1971 போரில் பிடிபட்ட இந்திய விமானப்படை அதிகாரிகள் திலீப் பருல்கர், கிரேவால், ஹரிஷ் சின்ஜி மூவரும் 1972 ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமின் சுவரைக் குடைந்து வெளியேறி, பெஷாவர் வழியாக லண்டி கோட்டல் வரை போய்விட்டார்கள். ஆப்கானிஸ்தான் எல்லை கூப்பிடு தூரம். அங்கே ‘லண்டி கானா’வுக்கு வழி கேட்டார்கள். வரைபடத்தில் இருந்த அந்த ரயில் நிலையம் 1932-லேயே மூடப்பட்டுவிட்டது. அந்தப் பெயரே சந்தேகத்தைக் கிளப்பியது, பிடிபட்டார்கள். உயிரோடு நாடு திரும்பினார்கள் என்பதுதான் ஆறுதல்.

சாகன் கைதிகளுக்கு அந்த ஆறுதல் இல்லை. 1944 மார்ச் 24 இரவு ஹாரியின் மறுவாயைத் திறந்தபோது அது காட்டுக்குள் போய்ச் சேரவில்லை. மரங்களுக்கு முன்னாலேயே, வெட்டவெளியில் நின்றது. படத்திலும் இது அப்படியே வருகிறது. 200 பேர் போகத் திட்டம். 76 பேர் போனார்கள். 77-ஆவது ஆளைக் காவலாளி பார்த்துவிட்டான். 73 பேர் பிடிபட்டார்கள். இரண்டு நார்வேக்காரர்களும் ஒரு டச்சுக்காரரும் மட்டுமே தப்பிச் சேர்ந்தார்கள். ஹிட்லரின் உத்தரவுப்படி 50 பேரை கெஸ்டாபோ சுட்டுக் கொன்றது. படம் எல்லோரையும் ஒரே வயல்வெளியில் நிறுத்துகிறது. நிஜத்தில் சாலையோரங்களில், தனியாகவும் சிறு குழுக்களாகவும் இறக்கிச் சுட்டார்கள். பார்ட்லெட்டின் அசலான ரோஜர் புஷெல் அவர்களில் ஒருவர்.

அதனால் இந்தப் படத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை யார் பிழைப்பார்கள் என்று தெரியாமல். இரண்டாம் தடவை தெரிந்தபின். அப்போது அந்த ஊசி, பால் டின், கட்டில் பலகை ஒவ்வொன்றும் கனக்கும். மெக்வீன் மறுபடி தனிச்சிறைக்குப் போய்ப் பந்தைச் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிடாதீர்கள். ஒரு வரி வரும், படம் யாருக்குச் சமர்ப்பணம் என்று. அந்த ஐம்பது பேருக்கு.