தோற்ற பாடல்களின் இரண்டாம் வாழ்வு

1965இல் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ' பாடலை இசைத்தட்டாக அச்சிட்டது. கடைக்கு வருமுன்பே கைவிட்டது. வில்சன் பாடுவதை நிறுத்திவிட்டு, அதே நிறுவனத்தில் பிறருக்குப் பாடல் தயாரிப்பவராகத் தொடர்ந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய தட்டுகளே மிஞ்சின. அவற்றில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது. சொந்த ஊரில் யாரும் கேட்காத அந்தப் பாட்டுக்கு இந்த மதிப்பைத் தேடித் தந்தவர்கள், கடல் கடந்து வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அவர்கள் உருவாக்கிய, 'நார்தர்ன் சோல்' என்று அறியப்படும் இரவு நடன உலகின் வேர் மான்செஸ்டரில் இருக்கிறது. அங்கே 1963இல் திறந்த ட்விஸ்டட் வீல் கிளப்பில் சனி இரவு தொடங்கி விடியும்வரை அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் தட்டுகள் சுழன்றன. அறுபதுகளின் பிற்பாதியில் சோல் எனப்படும் அந்த இசையே திசை மாறியது. ஜேம்ஸ் பிரவுன் வழியில் ஃபங்க் வளர்ந்தது. தாளத்தின் ஓட்டம் வேறாயிற்று. லண்டன் இளைஞர்கள் ராக் பக்கம் போனார்கள். வடக்கத்தியவர்கள் நகரவில்லை. விரையும் தாளம், பின்னால் எழும் வயலின்கள், நெஞ்சைத் திறந்து பாடும் குரல் ஆகியவையே அவர்களுக்கு வேண்டியிருந்தன. அப்படிப்பட்ட புதிய பாடல்கள் வருவது குறைந்தபோது பழையவற்றைத் தோண்டத் தொடங்கினார்கள்.

தோண்டத் தோண்டக் கிடைத்தது. மோட்டவுனின் வெற்றியைப் பார்த்து அமெரிக்க நகரங்களில் எத்தனையோ சிறு நிறுவனங்கள் முளைத்திருந்தன. டெட்ராய்ட்டில் ரிக்-டிக், லாஸ் ஏஞ்சலஸில் மிர்வுட் என்று பட்டியல் நீளும். நல்ல பாடகர்கள், தேர்ந்த வாத்தியக்காரர்கள் இருந்தார்கள்; விளம்பரத்துக்குத்தான் பணமில்லை. விற்காத தட்டுகள் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்தன. லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்திய டேவ் கோடின், கால்பந்துப் போட்டிக்காக வடக்கிலிருந்து வருபவர்கள் இவ்வகைத் தட்டுகளையே கேட்பதைக் கவனித்தார். கடைக்குள் அடையாளத்துக்காக அவர் வைத்த 'நார்தர்ன் சோல்' என்ற பெயரைத்தான் 1970இல் 'புளூஸ் அண்ட் சோல்' இதழில் எழுதினார். அது நிலைத்துவிட்டது.

1971இல் ட்விஸ்டட் வீல் மூடப்பட்டது. ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரின் கோல்டன் டார்ச்சும் 1973க்குப் பிறகு இல்லை. போதை மாத்திரைப் பழக்கமும் அதனால் வந்த அதிகாரிகளின் கெடுபிடியும் இந்த கிளப்புகளை விடாமல் துரத்தின. 1973 செப்டம்பர் 23 அன்று விகன் கசீனோ என்ற நடனக்கூடத்தில் முதல் முழு இரவு நிகழ்ச்சி நடந்தது. நிலக்கரியும் பருத்தி ஆலையும் வாழவைத்த விகன், அதன்பின் நாடெங்குமிருந்து ரயிலிலும் பேருந்திலும் இளைஞர்கள் வந்து இறங்கும் ஊரானது.

அதிகாலை இரண்டு மணிக்குக் கதவு திறக்கும். காலை எட்டுக்கு ஆட்டம் நிற்கும். மது கிடையாது. விழித்திருக்கப் பலர் ஆம்பெட்டமின் மாத்திரைகளை நம்பினார்கள். அதனால் சிதைந்த வாழ்க்கைகள் உண்டு; அதை மறைத்து எழுதுவது அறமாகாது. ஆனால் மாத்திரை மட்டுமே இந்த ஈர்ப்பை விளக்காது. ஆடுவதற்கு ஜோடி தேவையில்லை. யாரையும் கவர வேண்டிய கட்டாயமில்லை. அகன்ற கால்சட்டை, மாற்றுச் சட்டையும் துண்டும் வைத்த தோள்பை, கால் வழுக்கிச் சுழல மரத்தரையில் தூவும் டால்கம் பவுடர், இவை போதும். சுழற்சி, உதை, பின்பக்கமாகத் தரையில் விழுந்து அதே வேகத்தில் எழுதல் என எல்லாவற்றையும் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் கற்றார்கள். வாரம் முழுக்க இயந்திரத்தின் கதிக்கு உடலைக் கொடுத்தவர்கள், ஓர் இரவு தாங்கள் விரும்பிய கதிக்கு அதைக் கொடுத்தார்கள். இதில்தான் இந்த உலகின் உயிர் இருப்பதாக நான் கருதுகிறேன். இந்த மரபை உருவாக்கியவர்கள் இசைக்கலைஞர்கள் அல்லர், கேட்டவர்கள். எந்தப் பாட்டு பெரிய பாட்டு என்பதை வானொலியோ விற்பனைப் பட்டியலோ சொல்லவில்லை, ஆடுகளம் சொன்னது.

அரிய தட்டுதான் டிஜேயின் ஆயுதம். போட்டியாளர் கண்டுபிடிக்காமலிருக்கப் பெயர்த்தாளை மறைத்து, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டுவார்கள். ஃபிராங்க் வில்சனின் பாட்டே 'எடி ஃபாஸ்டர்' என்ற பெயரில்தான் ஒலித்தது. பிளாக்பூல் மெக்கா நடனக்கூடத்தில் டிஜேக்கள் இயான் லெவினும் காலின் கர்ட்டிஸும் எழுபதுகளின் புதிய பாடல்களைப் போடத் தொடங்கியபோது, விகன் ரசிகர்கள் அதைத் துரோகமாகவே பார்த்தார்கள். இந்தச் சண்டையில் நான் மெக்காவின் பக்கம். அறுபதுகளிலேயே நின்றுவிட்டால் சுரங்கம் ஒருநாள் வற்றியே தீரும். விகனில் போகப்போக எண்ணிக்கைக்காகத் தரம் குறைந்த பாடல்களும் புகுந்தன.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அரிய தட்டுகளுக்குக் கிராக்கி ஏற ஏற, கள்ளப் பிரதிகள் பெருகின. ஆயிரக்கணக்கானோர் ஆடிய பாட்டைப் பாடியவருக்குக் காசு போய்ச் சேரவில்லை; தன் குரலுக்கு இங்கிலாந்தில் இத்தனை ரசிகர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. சிகாகோ பாடகர் மேஜர் லான்ஸ் போன்ற சிலருக்கே நேரில் வந்து அந்தக் கூட்டத்தின் முன் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. 1972இல் டார்ச்சில் அவர் பாடியது ஒலிப்பதிவாக வெளிவந்திருக்கிறது. குளோரியா ஜோன்ஸ் அறுபதுகளில் பாடிய 'டெய்ன்டட் லவ்' அமெரிக்காவில் எடுபடாமல், இந்த ஆடுகளங்களில்தான் பிழைத்தது. 1981இல் சாஃப்ட் செல் குழு அதைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அவர்கள் பெயரைத்தான்.

அதே 1981இன் டிசம்பரில் விகன் கசீனோ மூடியது. கடைசியாகச் சுழன்றது ஃபிராங்க் வில்சனின் தட்டு. 1983இல் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். ஆனால் லண்டன் 100 கிளப்பில் ஏடி குரோஸ்டல் முழு இரவு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்தார். 1982இல் தொடங்கிய கென்ட் ரெக்கார்ட்ஸ், முறையாக உரிமம் பெற்று அந்தப் பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டுவருகிறது. இந்த இசைக்குள் நுழைய விரும்புகிறவர்கள் அந்தத் தொகுப்புகளிலிருந்து தொடங்குங்கள். 'டெய்ன்டட் லவ்' பாட்டை முதலில் குளோரியா ஜோன்ஸின் குரலில் கேளுங்கள்.