இன்னும் பத்து யார்டு

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸின் கோல்ஃப் போட்டியில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நான்காவதாக வந்தார். 67, 66, 68, 68 என நான்கு சுற்றுகள். பாருக்கு, அதாவது நிர்ணயித்த அடி எண்ணிக்கைக்கு, 15 குறைவு. வெண்கலம் வென்ற லிடியா கோ 16 குறைவு. இடைவெளி ஒரே ஒரு அடி.

அறுபது பேர் ஆடிய அந்தக் களத்தில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கில் அதிதிக்கு முதலிடம், டிரைவ் தூரத்தில் கடைசி இடம். "பார்த்தீர்களா, தூரம் பெரிதல்ல" என்று இதைக் காட்டிப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு இது நேர்மாறாகத்தான் படுகிறது. கோவிட்டால் வலு குறைந்த உடம்போடு வந்து, மற்றவர்கள் குட்டை அயர்ன் எடுத்த இடத்தில் அதைவிடத் தூரம் போகும் ஹைபிரிட் மட்டையை எடுத்து ஆடியவர் அவர். பத்து யார்டு கூடுதலாக இருந்திருந்தால் அந்த ஓர் அடி கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

அந்தப் பத்து யார்டு எங்கிருந்து வரும்? முதலில், பந்தைச் சந்திக்கும் கோணத்திலிருந்து. டிராக்மேன் அளவீட்டுக் கருவியின் பழைய சராசரிகளில், எல்பிஜிஏ தொழில்முறை வீராங்கனைகளின் டிரைவர் மட்டை வேகம் மணிக்கு 94 மைல், பிஜிஏ ஆண்களுடையது 113. வேகம் குறைந்த பெண்கள் மட்டை மேலேறும்போது, சுமார் 3 டிகிரியில், பந்தை அடிக்கிறார்கள். ஆண்களோ சற்றுக் கீழ்நோக்கி. மேல்நோக்கி அடித்தால் பந்து உயரமாகக் கிளம்பும், சுழற்சி குறையும். வார இறுதி ஆட்டக்காரர்கள் பலர் வேகமும் இல்லாமல் கீழ்நோக்கியும் வெட்டுகிறார்கள். சுழற்சி மிகுந்து பந்து வானத்தில் ஏறி அங்கேயே தொங்கிவிடுகிறது. வலதுகைக்காரர் பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைத்து, பாதிப் பந்து மட்டையின் தலைக்கு மேல் தெரியும்படி பந்தைத் தாங்கும் டீயை உயர்த்தி, வலது தோளைச் சற்றுத் தாழ்த்தினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மட்டை முகத்தின் நடுப்பகுதி. அங்கே பட்டால் பந்து, மட்டை வேகத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் பறக்கும். முகத்தில் பவுடர் தூவி அடித்துப் பாருங்கள். பந்து பட்ட தடம் உண்மையைச் சொல்லிவிடும்.

கடைசியாகத்தான் வேகம். அது கையில் இல்லை, தரையில் இருக்கிறது: மட்டை கீழே வரும்போது முன்காலால் தரையை உதைத்து நிமிர்வதில்தான் மட்டைக்கு விசை கிடைக்கும். டெட்லிஃப்ட், குதித்தல், மெடிசின் பந்து எறிதல் எல்லாம் அதற்காகத்தான். எடை குறைந்த மட்டையால் முழுவேகத்தில் சில ஸ்விங், பிறகு நல்ல ஓய்வு. களைத்த உடம்போடு நூறு பந்து அடித்தால் மெதுவாக ஆடத்தான் பழகுவீர்கள். மணிக்கு ஒரு மைல் கூடினால் இரண்டரை யார்டு என்பது பொதுக் கணக்கு. பத்து யார்டுக்கு நான்கு மைல் போதும். சிறுவர்களுக்குப் பயிற்சி தருவோர் "மெதுவாக அடி" என்று தொடங்குவதை நிறுத்த வேண்டும். துணிந்து வீசக் கற்ற குழந்தைக்குத் திசையைப் பின்னால் கற்றுத்தரலாம்.

ஓர் எச்சரிக்கை. 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் காற்று மெலிது. பந்து சுமார் 3 சதவீதம் கூடுதலாகப் பறக்கும். இங்கே 250 யார்டு போனது சென்னையில் 243-இல் விழலாம். பயிற்சி ரேஞ்சின் தூரப் பலகையை விட்டு, மட்டை வேகத்தையும் பந்து வேகத்தையும் குறித்து வையுங்கள். அவை ஊருக்கு ஊர் மாறாது.