நெப்டியூனும் பசித்த மக்களும்: ‘ஈனீட்’ காவியத்து உவமையொன்று

உரோமரின் நெப்டியூனைக் கிரேக்கரது பொசெய்டனின் மறுபெயராகக் கொள்ளுதல் பெருவழக்கு. ஆயினும் தொடக்கத்தில் அவன் நன்னீரோடு தொடர்புற்ற தெய்வமாயிருந்தான் என்பது ஆய்வாளர் பலரது முடிபு. யூலை 23ஆம் நாள், கோடை நடுவில், தழைக் குடில்கள் அமைத்து அவனுக்கு விழா எடுக்கப்பட்டமை வேளாண் சமூகத்தின் நீர்க் கவலையையே உணர்த்துகின்றது. கடல் கடந்துவரும் தானியத்தில் உரோம் நகர் தங்கி வாழத் தொடங்கியபோது, கடற்கடவுளும் மக்களின் உணவுப் பிரச்சினையோடு பிணைந்தான்.

கி.மு. 40 அளவில் இப்பிணைப்பு வெளிப்படையாயிற்று. சிசிலியைக் கைக்கொண்ட செக்ஸ்டஸ் பொம்பேய் தன்னை நெப்டியூனின் மைந்தன் எனக் கூறிக்கொண்டு தானியக் கப்பல்களை மறித்தான். நகரிலோ பஞ்சம், அதன்மேல் ஆட்சியாளர் விதித்த போர் வரிகள். சமாதானம் வேண்டிய மக்கள், விளையாட்டு விழாவிலே நெப்டியூனின் சிலையை ஆரவாரித்து வரவேற்றனர் என்றும், சிலை கொண்டுவரப்படாதபோது அதிகாரிகள்மீது கல்லெறிந்தனர் என்றும் டியோ கூறுவார். ஒக்டேவியனே கல்லடிபட்டதையும், படையினர் மக்களைக் கொன்று பிணங்களைத் தைபர் நதியில் வீசியதையும் அப்பியன் பதிவுசெய்துள்ளார்.

சில ஆண்டுகளின்பின், ஒக்டேவியனின் ஆட்சி நிலைபெற்ற காலத்தில், வேர்ஜில் ‘ஈனீட்’டை இயற்றினான். அதன் முதற் காண்டத்தில் நெப்டியூன் புயலை அடக்குகின்றான். கல்லும் தீப்பந்தமும் வீசிக் கலகஞ் செய்யும் கூட்டத்தைச் சான்றோன் ஒருவன் தன் சொல்லால் அடக்குவது அதற்கு உவமை. ‘இலியட்’டில் மக்கட் கூட்டத்தின் அசைவுக்குக் கடலலை உவமையாயிற்று, இங்கே அது தலைகீழாகின்றது. இம்மாற்றத்தை உத்திச் சிறப்பாக மாத்திரம் பாராட்டுவோர் ஒன்றைக் காணத் தவறுகின்றனர். கூட்டத்தின் கையிற் கல் உண்டு. வயிற்றிற் பசி இல்லை. கலகத்தின் காரணம் நீக்கப்பட்டு, அது இயற்கைச் சீற்றமாக்கப்படுகின்றது. மக்கள் ஆரவாரித்த கடவுள் அவர்களை அடக்குவோனின் சாயலைப் பெறுகின்றான். ஆளும் வர்க்கக் கருத்துநிலை அழகியலாக உருமாறும் முறைமை இதுவே.

இதனால் வேர்ஜிலை வெறும் அரசவைப் புகழ்பாடியெனத் தள்ளிவிடுதல் கொச்சைச் சமூகவியலாகும். ஐந்தாங் காண்டத்தில் அதே நெப்டியூன், பலரின் பாதுகாப்பான பயணத்துக்கு ஓர் உயிரை விலையாகக் கேட்கின்றான். குற்றமற்ற சுக்கானி பலினூரஸ் பலியாகின்றான். அமைதிக்குரிய விலையை யார் செலுத்துகின்றனர் என்ற வினாவைக் கவிஞனால் தவிர்க்க இயலவில்லை. உவமை மறைத்ததைக் கதை வெளிப்படுத்துகின்றது. இம்முரண்பாட்டை முழுமையாக நோக்குவதே விமர்சகனின் கடமையாகும்.