கலையாத வண்டிக்குழு

நெடுஞ்சாலையில் விரையும் கார்கள், செல்பேசிக் கோபுரத்தின் துணையின்றித் தமக்குள் கம்பியில்லாமல் செய்தி பரிமாறும்போது, அருகருகே செல்பவை ஒரு குழுவாகச் சேர, அவற்றுள் ஒன்று தலைமை வண்டியாகிப் பிறவற்றின் பேச்சை ஒழுங்குபடுத்துகிறது. தலைமை அடிக்கடி மாறினால், விபத்து எச்சரிக்கைக்கு உரிய நேரம் குழு அமைப்பதிலேயே கரைந்துவிடும்.

இதைத் தவிர்க்க, நகரும் கருவிகளுக்கென 2001இல் பாசு, கான், லிட்டில் ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த ‘மோபிக்’ முறையின் நுட்பம் வியக்கத்தக்கது: அண்டைக் கருவியிலிருந்து அடுத்தடுத்து வரும் இரு அறிவிப்புகளின் அலைவலிமையை ஒப்பிட்டு, அது நெருங்குகிறதா விலகுகிறதா என்று கணித்து, சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட மிகக் குறைவாக நகரும் கருவியே தலைமை ஏற்கிறது; இதற்கு இடங்காட்டிகூடத் தேவையில்லை. இரு தலைமைகள் எதிர்ப்பட்டாலோ, உடனே இணைந்துவிடாமல் சற்றுப் பொறுத்து, அப்போதும் அருகிலிருந்தால் மட்டுமே அவற்றுள் ஒன்று தலைமையைத் துறக்கிறது. சாலையில் என்றால், எதிர்த்திசையில் வரும் வண்டி அதற்குள் கடந்து போயிருக்கும்.