செங்கல் இல்லாக் கோயில், சினிமா இல்லாப் பாட்டு

தளவானூர் குடைவரைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மண்டகப்பட்டின் நினைவும் வரும். இரண்டும் செஞ்சிப் பக்கத்து ஊர்கள். இரண்டு கோயில்களும் ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தவை. தளவானூரில் முகப்பின் மேலே மகர தோரணம் அழகாக வளைந்து நிற்கும். மண்டகப்பட்டில் அவ்வளவு வேலைப்பாடு கிடையாது. ஆனால் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பிய கோயில் என்று பெருமையோடு சொல்லும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ஒரு முதல் படைப்பின் துணிச்சலை அறிய, அது எதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கியது என்று பார்த்தால் போதும்.

‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் அரங்கேற்றத்தையும் முதல் பாடல்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடையேறினார்கள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. பெயர் பிறந்தது அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து. தமிழில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று பழகிய காதுகளுக்கு முன்னால், கதாநாயகனும் காட்சியும் இல்லாமல் பாட்டை மட்டும் நம்பி நின்றார்கள்.

முதல் பலம், கானாவை நடுவில் வைத்தது. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டு கானா. சினிமா அதை எடுத்துக்கொண்டபோது பெரும்பாலும் துள்ளலை மட்டுமே எடுத்துக்கொண்டது. துக்கத்தையும் கோபத்தையும் விட்டுவிட்டது. இந்தக் குழுவில் கானாப் பாடகரின் கரகரப்பும் இழுப்பும் அப்படியே இருக்கின்றன. எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் அந்தக் குரலுக்கு வழிவிட்டு, அதன் நடைக்கு ஏற்ப நடக்கின்றன. ராக் இசைக்குள் கானாவை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் இதன் சிறப்பு.

இரண்டாவது பலம், ஆட்களைக் கையாண்ட விதம். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து. கூத்தில் வேடக்காரர் எடுத்துக்கொடுக்கும் வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கி ஊர் முழுக்கக் கேட்கும்படி உயர்த்துவார்கள். இந்தக் குழுவின் கூட்டுக்குரலும் அதே வேலையைச் செய்கிறது. குழுவின் ராப் பாடகர் அறிவு வரும் இடம், கட்டியக்காரன் திரையை விலக்கிக்கொண்டு வந்து ஊர் நியாயம் பேசும் இடம்தான். ‘ஜெய் பீம் ஆந்தம்’ கேளுங்கள். ஒருவர் சொல்ல, பலர் வாங்க, கடைசியில் யார் பாட்டு என்றே பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது பலம் இசைவாணி. ஆண்களின் கோட்டையாகவே இருந்த கானாவில், அந்தப் பெரிய குழுவின் ஒரே பெண்ணாக நின்று அவர் பாடினார். குரலில் தயக்கமே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இடஒதுக்கீட்டைப் பேசும் பாட்டில் கருத்து முந்திக்கொண்டு ஓட, மெட்டு பின்னால் மூச்சு வாங்குகிறது. வாதம் சரிதான், ஆனால் மேடைப் பேச்சில் வந்திருக்க வேண்டிய வரிகள் சில பாட்டுக்குள் வந்துவிட்டன. வடசென்னையின் தெருவையும் மனிதர்களையும் பாடும்போது அதே அரசியல் தானாகவே வந்து விழுகிறது. இன்னொன்று, மேடையில் நெஞ்சைத் தட்டும் தோலிசை ஒலிப்பதிவில் அடங்கிப்போகிறது. சட்டி, கட்டமொளம் ஆகிய தோற்கருவிகள் கிட்டாருக்கு முன்னால் வந்திருக்க வேண்டியவை.

முதல் முயற்சி பலித்ததா என்பதற்குப் பின்னால் நடந்ததே சாட்சி. 2019இல் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பைத் தந்தார். 2021இல் பாடகி தீயோடு அவர் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெங்கும் ஒலித்தது. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். ஒரு குழு தன் ஆட்களைத் தனித்தனியே எழுந்து நிற்க வைத்திருக்கிறது. இதைவிட நல்ல மதிப்பெண் எந்த அரங்கேற்றத்துக்கும் கிடைக்காது.

மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று சங்கீர்ணஜாதி. கலப்பு என்ற பொருள் கொண்ட அந்தப் பெயரைத் தாளத்தோடும் இசையோடும் சேர்த்துப் படிக்கும் அறிஞர்கள் உண்டு. கலந்தால் இசை கெடும் என்று இன்றும் சொல்பவர்களுக்கு, அப்படியொரு பெயரைப் பெருமையாகச் சூடிக்கொண்டு இந்த மண்ணில் மலையைக் குடைந்த அரசனையே பதிலாகச் சொல்வேன்.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் முகவீணை இருக்கிறது, பறை இருக்கிறது, இரவு முழுவதும் மைக் இல்லாமல் பாடும் தொண்டை இருக்கிறது. கிட்டார் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு கூத்து வாத்தியாரின் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் பாட்டில் குறை இருந்தால் இருக்கட்டும்; அது உங்கள் ஊரின் குரலில் இருக்கட்டும்.