துறுகல்லும் அதன் வடிவும்

துறுகல் என்னுஞ் சொல்லுக்குப் பாறை என்று பொதுப்படப் பொருள் கூறி அமைவார் உளர். அஃது அமையாது என்பது நம் கருத்து. ‘துறு’ என்னும் அடி நெருக்கத்தையும் செறிவையும் உணர்த்தும். பரந்து கிடக்கும் பாறையினின்றும் திரண்டு நிற்கும் கல்லைப் பிரித்துக் காட்டவே அச்சொல் எழுந்தது எனல் வேண்டும்.

குறுந்தொகை 13-ஆம் பாட்டில் கபிலர், பெருமழையில் நனைந்த துறுகல்லை மாசு நீங்கக் கழுவப்பெற்ற யானைக்கு ஒப்பிடுகின்றார். 47-ஆம் பாட்டில் நெடுவெண்ணிலவினார், வேங்கைப்பூ உதிர்ந்த துறுகல்லைப் புலிக்குருளையாகக் காண்கின்றார். தொல்காப்பியர் வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இவையிரண்டும் உரு, அஃதாவது நிறம், பற்றியன என்று கொள்வது எளிது. கருமை யானைக்கும் பூவின் பொன்மை புலிக்கும் பொருந்துமன்றோ? ஆயின் நிறம் ஒன்றே போதுமெனின், தட்டைப் பாறைமேல் உதிர்ந்த பூவும் குருளையாதல் வேண்டும். ஆகாது, அது விரித்த புலித்தோலாகவே தோன்றும். குறுகித் திரண்ட உடல் அடியில் இருந்தாலன்றிக் குருளை எழாது. ஆதலின் வடிவாகிய மெய்யே ஈண்டு முதன்மையுடையது.

கிருட்டிணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் வழியில் மத்தூர்ப் பக்கத்துக் குன்றுகளை நோக்குவார்க்கு இது விளங்கும். ஆங்குள்ள உருண்டைக் கற்கள் எங்கிருந்தோ உருண்டு வந்தன அல்ல. நிலத்தடியில் பெட்டி பெட்டியாக வெடித்த கருங்கல்லின் பிளவுகளில் நீர் இறங்கி, முகத்தை ஒரு பக்கத்தானும், விளிம்பை இரு பக்கத்தானும், மூலையை மூன்று பக்கத்தானும் அரிக்கின்றது. மூலை முதலில் மண்ணாகும். அம்மண்ணை மழை கொண்டு செல்ல, திரண்ட உள்ளீடு வெளிப்படும். ஒரே கன அளவுடைய கனசதுரத்தின் புறப்பரப்பு கோளத்தினதைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு மிகுதி. மூலைகள் கழியக் கழியத் தாக்குண்ணும் பரப்புங் குறைகின்றது. எனினும் வெடிப்புகளின் இடைவெளி ஒத்திராமையின் எக்கல்லும் முழுக் கோளமாவதில்லை. ஞாலமே நடுவரை ஆரத்திற்கும் முனை ஆரத்திற்கும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வேறுபட்ட கோளவுருவன்றோ? வடிவக் கணக்கியலார்க்கு இது குறையாகலாம், புலவர்க்கு அன்று. குற்றமற்ற கோளத்தில் யானையின் முதுகு தோன்றாது.

இவற்றைக் ‘குண்டுக்கல்’ என்றலும் தகும். ஆயின் சங்கச் செய்யுளில் ‘குண்டு’ பெரிதும் ஆழத்தைக் குறித்தலின், அதனைப் பழம்பொருளாகக் காட்டலாகாது.

கருங்கல் தொழில் மிக்க இம்மாவட்டத்தில் கற்கள் பலகையாகவும் சல்லியாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. அவை உள்ளபோதே மாணவர் ஒருமுறை சென்று காண்பாராக. இனி வரும் குறுந்தொகைப் பதிப்புகளில் இவ்விரு பாட்டிற்கும் ‘பாறை’ என்பதை நீக்கி, ‘உருண்டு திரண்ட தனிக்கல்’ என்றே உரை வரைதல் வேண்டும்.