தேய்ந்த விரலும் தேயாத விதியும்: முதியோர்க்கான தொழில்நுட்ப வடிவமைப்பு குறித்த ஒரு மதிப்பீடு

முதியோர்க்குத் தொழில்நுட்பம் கைவராது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. காஞ்சிபுரத்து ஓரிக்கை நெசவாளர்களின் வாழ்வு இதனை மறுக்கிறது. துளையட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு தறியில் ஆயுள் முழுதும் பணியாற்றியோர் கருவிக்கு அஞ்சுபவர் அல்லர். பட்டிழையும் முதுமையும் தேய்த்த அவர்தம் விரல்ரேகையைக் கருவியே அறியத் தவறுகிறது.

தமிழக நியாயவிலைக் கடைகளில் 2020இல் விரல்ரேகைச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. பின்னர்க் கருவிழிப் பதிவு சேர்க்கப்பட்டது. வர இயலாதோர் தம் சார்பில் ஒருவரை அனுப்பவும் இடமுண்டு. ஆயின் தனித்து வாழ்வோர்க்கு அதனால் பயனில்லை. 2025 ஆகஸ்டு 12இல் தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டம், 70 வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லத்திலேயே பொருள்களை வழங்க வகைசெய்தது.

இத்திருத்தங்கள் பாராட்டுக்குரியன. எனினும் இவை தொலைவைக் குறைத்தனவேயன்றி, உடலால் தம்மை மெய்ப்பிக்கும் சுமையைக் குறைக்கவில்லை. இல்லந்தேடி வரும் கருவியும் விரலையோ விழியையோ கேட்கிறது.

எளிமை என்பது பெரிய எழுத்தும் பெரிய பொத்தானும் மட்டுமன்று. கருவி தோற்குமிடத்தும் உரியவர் வெறுங்கையராய் நிற்காதவாறு விதியை அமைத்தலே ஆகும். எனவே வடிவமைப்பு ஆய்வுகள் முதியோரின் திறனை அளப்பதற்கு முன், கருவி அவர்களை மறுத்த தருணங்களைக் கணக்கிடுதல் வேண்டும்.